தொட்டி மீனை ஏரியில் விடாதீர்கள்

வீட்டில் வண்ணமீன் வளர்ப்பது நல்ல பொழுதுபோக்கு. சென்னை கொளத்தூரிலும் திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களிலும் மீன் குஞ்சு எடுத்து விற்கும் குடும்பங்களுக்கு அதுதான் பிழைப்பு. ஆகவே வெளிநாட்டு மீனே கூடாது என்பது என் வாதமல்ல. வேண்டாத மீனை ஏரி குளங்களில் விடும் பழக்கம் நிற்க வேண்டும். அதற்கு முதல் பொறுப்பு விற்பவருடையது என்கிறேன்.

'டேங்க் கிளீனர்' என்று விற்கப்படும் சக்கர் மீனையே பார்ப்போம். தென் அமெரிக்க ஆறுகளுக்கு உரியது. கடையில் விரல் நீளம்தான் இருக்கும். பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கும் என்று சொல்லித் தருவார்கள். ஒன்றரை அடி வரை வளரும் என்று சொல்ல மாட்டார்கள். இரண்டடித் தொட்டியில் திரும்பவே இடமில்லாமல் அது தவிக்கும்போது, கொல்ல மனமில்லாதவர் பக்கத்து ஏரியில் விட்டுவிடுகிறார். உடம்பெங்கும் எலும்புத் தகடு, விறைத்து நிற்கும் துடுப்பு முள்; வளர்ந்த சக்கரைக் கொக்கோ விராலோ எளிதில் விழுங்க முடியாது. ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கி வயிற்றின் வழியே சுவாசிக்கும் என்பதால் சாக்கடை கலந்த ஏரியிலும் பிழைத்துக்கொள்ளும். கரையில் வளை தோண்டி முட்டையிடும், மண் சரியும். வலையில் சிக்கினால் முள் வலையைக் கிழிக்கும். விலைபோகாத ஒரு மீனுக்காக நஷ்டப்படுபவர் அந்த ஏரியை நம்பி வாழும் மீனவர். தமிழக ஏரிகளில் இது ஏற்கெனவே பெருகிவிட்டது.

ஒரே ஒரு மீன் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். தொட்டிகளில் வளர்க்கும் கப்பி என்ற சிறுமீனில், பெண் ஒருமுறை இணைந்தபோது பெற்ற விந்தைப் பல மாதம் உடலில் சேமித்து, ஆணே இல்லாமல் அடுத்தடுத்துக் குட்டி போடும். அங்கே ஒன்று என்பதே ஒரு கூட்டம். கொசுவை ஒழிக்க அரசே கப்பி விடுகிறதே என்பார்கள். கொசுப்புழுவைத் தின்னும் சிறுமீன்கள் நம் குளங்களிலேயே உண்டு. வந்தேறி மீன் அவற்றின் இரையைத்தான் பறிக்கும். அப்படியானால் தடை விதிக்கலாமே? ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு 2000-இல் தடை வந்தும் திருட்டு வளர்ப்பு ஓயவில்லை. மொட்டைமாடித் தொட்டிகளை யார் போய்ச் சோதிப்பது? மீன் எவ்வளவு வளரும் என்று தொட்டிமேல் எழுதி ஒட்டுவதும், வளர்ந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வதும் கடைக்காரரால் முடிகிற காரியம். உரிமம் தரும்போதே உள்ளாட்சி அமைப்புகள் இதை நிபந்தனையாக்கலாம். வீட்டில் குஞ்சு எடுப்பவருக்கும் பங்குண்டு: கப்பிக் குட்டிக்கு ஒரு மாதம் ஆகும்போது ஆணின் அடித்துடுப்பு குச்சிபோலக் கூராகத் தொடங்கும், வேண்டாத குட்டிகள் பெருகாதபடி அப்போதே ஆணையும் பெண்ணையும் தனித்தனித் தொட்டியில் பிரித்துவிடுங்கள்.