வாசலில் ஒரு கையெழுத்து

எங்கள் குடியிருப்பின் காவலாளிக்கு ஆதாரில் முகவரி மாற்ற வேண்டியிருந்தது. ஈக்காட்டுத்தாங்கலிலேயே நாலு வீடு மாறியவர். எந்த வீட்டுக்காரரும் வாடகை ஒப்பந்தம் எழுதிக் கொடுத்ததில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வழி உண்டு. அதற்கென இருக்கும் படிவத்தில் சட்டமன்ற உறுப்பினர் கையெழுத்திட்டு முத்திரை வைத்தால் போதும்.

மூன்று நாள் அலைந்தோம். மூன்று நாளும் எம்.எல்.ஏ. ஆபீசில் ஒரே பதில்: "ஐயா சபைக்குப் போயிருக்காரு." மூன்றாம் நாள் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. எப்போ பார்த்தாலும் சபை, சபை என்று வாய்விட்டே சொன்னேன். பெஞ்சில் இருந்த ஐந்தாறு பேர் ஆமோதித்துத் தலையாட்டினார்கள். வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் உறைத்தது. சட்டமன்ற உறுப்பினர் சட்டமன்றத்தில் இருப்பதைக் குற்றமாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

காவலாளிக்கு எரிச்சல் எதுவும் இல்லை. கிண்டி தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் லேத் ஓட்டியவர், காத்திருக்கப் பழகியவர். 1967 தேர்தலின்போது பத்து வயசுப் பையனாம். "அந்தாண்ட சைதாப்பேட்டைல கலைஞரு. இந்தாண்ட பரங்கிமலைல எம்.ஜி.ஆரு. ரெண்டு பேரும் ஒரே கட்சி சார் அப்போ, போஸ்டர் ஒட்டறதுல சண்டையே கெடையாது" என்றார். அந்த ஜனவரி 12இல் எம்.ஆர். ராதா சுட்டதில், கழுத்தில் கட்டோடு மருத்துவமனையில் கிடந்த எம்.ஜி.ஆர்., ஓட்டுக் கேட்டு ஒரு தெருவுக்கும் வராமலே ஜெயித்தார். நம் பேட்டைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடுத்தடுத்த முதல்வர்கள் எம்.எல்.ஏ.க்களாக இருந்திருக்கிறார்கள். 1971இலும் அதே இருவர், அதே தொகுதிகள். அடுத்த ஆண்டு அக்டோபரில் கட்சி இரண்டானது.

கருணாநிதியை முதல்வராகவும் வசனகர்த்தாவாகவும் பேசித் தீர்த்துவிட்டோம். எனக்கு அவரை எம்.எல்.ஏ.வாகப் பார்க்கத்தான் பிடிக்கும். குளித்தலை, தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம், திருவாரூர். ஏழு தொகுதி, பதின்மூன்று தேர்தல், ஒரு தோல்வி கிடையாது. ஆனால் எல்லாம் அமோக வெற்றி என்று நினைத்துவிடக் கூடாது. 1980இல் அண்ணா நகரில் எச்.வி. ஹண்டேயைவிட 699 ஓட்டுதான் அதிகம். எங்கள் தெருவில் மட்டுமே அவ்வளவு ஓட்டு தேறும். ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு வந்த 1991 தேர்தலில் துறைமுகத்தில் 890. அதே மனிதர்தான் 2016இல், 92ஆம் வயதில், திருவாரூரில் 68,366 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

இடையில் இரண்டு முறை பதவியைத் தானே உதறினார். 1983இல் ஈழத் தமிழருக்காக, அன்பழகனோடு சேர்ந்து. 1991இல் கட்சியே துடைத்தெறியப்பட்ட பிறகு.

அவருடைய முதல் பேச்சுதான் என்னை அதிகம் இழுக்கிறது. 1957 மே மாதம். சபைக்குள் நுழைந்த திமுகவினர் பதினைந்து பேர். அதில் ஒருவரான கருணாநிதிக்கு வயது முப்பத்திரண்டு. கன்னிப் பேச்சுக்கு அவர் எடுத்துக்கொண்டது மொழியையோ திராவிட நாட்டையோ அல்ல, தன் குளித்தலைத் தொகுதியின் நங்கவரம் விவசாயிகளின் பிரச்சினையை. ஊரில் நேராகப் பார்த்ததைக் கோட்டைக்குள் கொண்டுபோய்ப் பேசினார். எம்.எல்.ஏ. வேலை என்பது, கடைசியில், அவ்வளவுதானே.

அப்படிப் பேசத் தொடங்கியவர் பிற்காலத்தில் பேசாமல் திரும்பியதைத்தான் என்னால் ஜீரணிக்க முடிவதில்லை. 2001க்குப் பிறகு எதிர்க்கட்சி வரிசைக்குப் போனபோதெல்லாம் கோட்டைக்கு வருவார். லாபியில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார். காரில் ஏறிப் போய்விடுவார். அந்தக் கையெழுத்துக்கும் காரணம் உண்டு. அரசியல் சட்டத்தின் 190ஆவது பிரிவின்படி, அனுமதி வாங்காமல் அறுபது நாள் எல்லாக் கூட்டங்களுக்கும் வராத உறுப்பினரின் இடத்தைக் காலி என்று அவை அறிவிக்கலாம். அதாவது, சேப்பாக்கத்துக்காரர்கள் பேச அனுப்பியவர், இடம் போகாமலிருக்கக் கையெழுத்துப் போட்டார். 2011க்குப் பிறகு சக்கர நாற்காலிக்கு ஏற்றபடி உள்ளே இட வசதி இல்லை என்று திமுக சொன்னது. அது நியாயமான குறைதான். தீர்த்துவைக்காதது ஆளுங்கட்சிக்கு அழகுமில்லை. ஆனால் பழக்கம் அதற்குப் பத்து வருஷம் முன்பே தொடங்கிவிட்டது. 2006க்குப் பிறகு அந்த வரிசையில் இருந்த ஜெயலலிதாவும் அபூர்வமாகத்தான் அவைக்குள் வந்தார். 1989 மார்ச் 25 பட்ஜெட் நாள் ரகளைக்குப் பிறகு இருவரும் ஒரே கூரைக்கடியில் உட்காருவது அரிதாகிப்போனது. நஷ்டம் சபைக்கு. தமிழில் வாதாடத் தெரிந்தவர்களில் முதல் வரிசைக்காரர் வாசலோடு திரும்பிய அந்த நாட்களில், உள்ளே மேசையைத் தட்டும் ஓசைக்குக் குறைவில்லை.

இன்னொரு வேடிக்கை. அவர் ஆசையாகக் கட்டிய புதிய சட்டமன்றக் கட்டடம், ஓமந்தூரார் தோட்டத்தில் 2010இல் திறக்கப்பட்டது. ஆட்சி மாறியதும் சபை பழையபடி கோட்டைக்கே போய்விட்டது, கட்டடம் மருத்துவமனை ஆனது. இப்போது நம் கிண்டியில் அவர் பெயரிலேயே ஒரு பெரிய மருத்துவமனை, 2023இல் வந்தது. அந்தக் கிண்டி மருத்துவமனையின் வழியாகத்தான் ஊர்க்காரர்கள் பலருக்கு இன்று அவரோடு உறவு.

2017 ஜூன் 3ஆம் தேதி, ராயப்பேட்டை ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் அவரது சட்டமன்ற வைர விழா. ராகுல் காந்தி வந்தார், நிதிஷ் குமார் வந்தார். உடல்நலமில்லாத விழா நாயகர் வரவில்லை. எல்லோரும் அவர் சபையில் பேசிய பேச்சுகளைப் பற்றிப் பேசினார்கள். லாபிக் கையெழுத்தைப் பற்றி யார் பேசுவார்கள், விழாவாயிற்றே!

நாலாம் நாள் சபைக்கு விடுமுறை. காலை ஏழு மணிக்கே போய்விட்டோம். கூட்டம் வாசலைத் தாண்டி நின்றது. எங்கள் முறை வந்ததும் எம்.எல்.ஏ. படிவத்தை ஒரு பார்வை பார்த்தார், காவலாளியை "எந்தத் தெருண்ணே?" என்று கேட்டார், பேனாவைத் திறந்தார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. உதவியாளர் முத்திரை குத்தினார்.

வெளியே வந்ததும் காவலாளி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தமிழ்லதான் போட்டிருக்காரு சார்" என்று சொல்லி, பிளாஸ்டிக் கவருக்குள் மடங்காமல் வைத்துக்கொண்டார்.