மிஷனரியாப் போற குடும்பத்துக்கு ஒரு பண்டத்தரிப்பான் சொல்லுறது

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். நியூ ஜேர்சியில எங்கட வீட்டில இருந்து இருபது நிமிசக் கார் ஓட்டம். ஒரு சேர்ச்சின்ர கீழ்த்தட்டு ஹோல். மேசையில மக்கரோனி, சலாட், பெரிய போத்தலில கோப்பி. முன்னுக்கு ஒரு பலகை, அதில ஆளுயரத்துக்கு ஒரு வெப்பமானி கீறிக் கிடக்கு. காய்ச்சல் பாக்க இல்லை. காசு சேரச் சேர சிவப்பு மையை மேல மேல ஏத்துவினம். அண்டைக்கு அது அரைவாசிக்குக் கொஞ்சம் மேல நிண்டது.

ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் வாற வருசம் மிஷனரியா வெளிக்கிடுது. தகப்பனுக்கு முப்பத்தைஞ்சு வயசிருக்கும். தாய் நேர்ஸ். மூண்டு பிள்ளையள். போற இடம் எங்க தெரியுமோ? இலங்கையின்ர வடக்கு. எங்கட ஊர்ப்பக்கம்!

ரெண்டு வருசமா ஆயத்தப்படுத்தினமாம். பிள்ளையளுக்குத் தடுப்பூசி போட்டாச்சு. வீட்டை வாடகைக்குக் குடுக்க ஆள் பிடிச்சாச்சு. அங்க வைச்சுப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கப் புத்தகங்கள் பெட்டி பெட்டியாக் கட்டியாச்சு. குடும்பப் படம் போட்ட காந்த அட்டை அடிச்சு எல்லாருக்கும் குடுத்தாச்சு, பிறிட்ஜில ஒட்டி வைச்சு ஜெபிக்கச் சொல்லி. எனக்கும் ஒண்டு தந்தவை. நல்ல வடிவான படம்.

பாஸ்டர் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார். "பத்து நிமிசம் காணும். உன்ர கதையைச் சொல்லு. அங்க எவ்வளவு இருட்டு எண்டு இவைக்கு விளங்கவேணும்."

இந்த இடத்தில ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேணும். இதுக்கு முந்தி நாலைஞ்சு தரம் நான் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறன். 1995 ஐப்பசி கடைசியில வலிகாமம் முழுக்க வெளிக்கிட்ட அந்த இரவு, நாவற்குழிப் பாலத்தில மழைக்குள்ள அம்மாவைக் கையில பிடிச்சுக்கொண்டு நிண்டது... எந்த இடத்தில கதையை நிப்பாட்டினா ஆக்கள் அழுவினம் எண்டு எனக்கு நல்லாத் தெரியும். மூண்டாம் தரம் சொல்லேக்க அந்த இடத்தில வேணுமெண்டு கொஞ்சம் கூட நேரம் நிப்பாட்டினன். அழுதிச்சினம். காணிக்கைத் தட்டும் நிரம்பிச்சுது. வீட்டை வந்து என்னால சாப்பிட ஏலாமப் போச்சு. என்ர அம்மாவை நான் விக்கிற மாதிரி இருந்தது.

ஆனா இந்தச் சேர்ச் ஆக்களை நான் லேசில ஏசேலாது. 1997 இல அமெரிக்காவுக்கு வந்து இறங்கினவுடன என்னை ஒரு தடுப்பு நிலையத்தில போட்டவை. சன்னல் இல்லாத கட்டடம். அங்க ஒவ்வொரு கிழமையும் என்னைப் பாக்க வந்தது உவையள்தான். அதில ஒரு வயசுபோன அம்மா. முதல் நாளே என்ர பேரை எப்பிடிச் சொல்லுறது எண்டு கேட்டா. என்ர பேரில ஒரு 'ழ' கிடக்கு. அமெரிக்கன் ஒருத்தனுக்கும் வராது. அந்த மனுசி கண்ணாடிக்கு அங்கால இருந்து நாக்கை மடிச்சு மடிச்சுப் பாத்தா. ஆறு கிழமைக்குப் பிறகு ஒரு நாள் சரியாச் சொன்னா. அண்டைக்குத்தான் இந்த நாட்டில நான் ஒரு ஆளெண்டு எனக்குத் தோன்றினது. அவ இப்ப உயிரோட இல்லை. அவ ஒரு வெளிநாட்டுக்கும் போனதில்லை.

அதால இந்த முறை பேசப் போனன். ஆனா வேற கதை சொன்னன்.

உங்கட பக்கத்து ஊர் ஃப்ரீஹோல்ட் தெரியும்தானே எண்டு தொடங்கினன். ப்ரூஸ் ஸ்பிறிங்ஸ்ரீன் வளர்ந்த ஊர் எண்டு ஒருத்தர் பின்னால இருந்து கத்தினார். ஓம். அதே ஊரில 1793 இல ஜோன் ஸ்கடர் எண்டு ஒருத்தர் பிறந்தவர். பிறின்ஸ்ரனில படிச்சு, நியூயோர்க்கில மருத்துவம் படிச்சு, நல்லா உழைச்சுக்கொண்டிருந்த டொக்டர். ஒரு நோயாளியின்ர வீட்டில கண்ட ஒரு சின்னப் புத்தகத்தை வாசிச்சுப்போட்டு எல்லாத்தையும் விட்டிட்டு வெளிக்கிட்டவர். தகப்பனுக்குத் துண்டற விருப்பமில்லை. 1819 ஆனி மாசம் பொஸ்ரனில இருந்து 'இண்டஸ்' எண்ட கப்பலில ஏறினார். பெண்சாதி ஹரியற், கையில ஒரு குழந்தை. கல்கத்தாவில அந்தக் குழந்தை செத்துப்போச்சு. அந்த வருசம் முடியிறதுக்குள்ள யாழ்ப்பாணம் வந்து, 1820 இல குடியிருந்த இடம் எது தெரியுமோ? பண்டத்தரிப்பு. நான் பிறந்து வளர்ந்த ஊர். ஃப்ரீஹோல்டில இருந்து அவர் எங்கட ஊருக்குப் போனார். எங்கட ஊரில இருந்து நான் ஃப்ரீஹோல்டுக்குப் பக்கத்தில வந்து கிடக்கிறன். அவருக்குப் பேர் மிஷனரி. எனக்குப் பேர் அகதி.

அதே கப்பலில வந்த இன்னொருத்தர் மைரன் வின்ஸ்லோ. 1862 இல சென்னையில வெளிவந்த தமிழ்-ஆங்கிலப் பேரகராதி அவற்றை உழைப்பு. அவற்றை பெண்சாதி, அவவும் ஹரியற்தான், 1824 இல உடுவிலில பொம்பிளைப் பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினவ. ஒரு கப்பல். அதுக்குள்ள ஒரு டொக்டர், ஒரு அகராதி, ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். பேந்து 1847 இல வந்த டொக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில இருந்து தமிழிலயே மருத்துவம் படிப்பிச்சவர். இங்கிலிசு மருத்துவப் புத்தகங்களைத் தமிழில கொண்டுவந்தவர். அமெரிக்காவுக்குத் திரும்பிப் போன பிறகும் தமிழ் வேலையை விடேல்லை. நான் பிறந்தது அவற்றை பேரில இருக்கிற ஆஸ்பத்திரியில.

இவ்வளவும் சொல்லிப்போட்டு அந்தத் தகப்பனைப் பாத்துக் கேட்டன்: "ரெண்டு வருசமா ஆயத்தப்படுத்திறியள். தமிழ் எவ்வளவு படிச்சிருக்கிறியள்?"

ஹோல் அமைதியாப் போச்சு. அவர் நல்ல மனுசன், பொய் சொல்லேல்லை. "அங்க மொழிபெயர்க்க ஒருத்தரை ஒழுங்குபடுத்தித் தருவினம். இங்கிலிசும் கனபேருக்குத் தெரியுமாம்" எண்டார்.

நான் சொல்லவந்தது இதுதான். ரெண்டு வருசத்தில இந்தக் குடும்பம் எங்களைப் பற்றிப் பேசப் பழகிப்போட்டுது. எங்களோட பேச ஒரு சொல்லும் பழகேல்லை. வெப்பமானியில மை ஏற வேணுமெண்டா நாங்கள் இருட்டில இருக்கவேணும். எவ்வளவு இருட்டோ அவ்வளவு காசு. போறதுக்கு முன்னமே எங்களைப் பாவங்களாக்கிப்போட்டுப் போறவை, போன பிறகு எங்களை மனிசரா எப்பிடிக் காண்பினம்?

உது புது வருத்தமும் இல்லை. ஸ்கடரைக் கும்பிடச் சொல்லி நான் சொல்லேல்லை. அவர் 1842 இல இருந்து 1846 வரை இஞ்ச திரும்பி வந்து, ஊர் ஊராப் போய் அமெரிக்கப் பிள்ளையளுக்கு எங்களைப் பற்றிப் பேசினவர். விக்கிரகத்தைக் கும்பிடுற இருட்டுச் சனம் எண்டுதான் எங்களைக் காட்டினவர். வட்டுக்கோட்டைச் செமினரியில படிச்ச எங்கட பெடியளுக்குக் காசு குடுத்த அமெரிக்கரின்ர பேரை வைச்ச காலமும் அதுதான். கறல் விசுவநாதபிள்ளைக்குக் 'கறல்' எங்கயிருந்து வந்ததெண்டு நினைக்கிறியள்? 1857 இல சென்னைப் பல்கலைக்கழகத்தின்ர முதல் பட்டதாரியள் ரெண்டு பேரில ஒருத்தர் அவர். மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. ரெண்டு பேரும் வட்டுக்கோட்டையில படிச்சவை. ரெண்டு பேரும் பேந்து சைவத்துக்குத் திரும்பினவை. காசு குடுத்தவன் பேரை வைக்கலாம், மனசை வைக்கேலாது.

எண்டாலும் அந்தக் காலத்து ஆக்கள் அதுக்கொரு விலை குடுத்தவை. ஸ்கடர் முப்பத்தாறு வருசத்தில ஒருக்காத்தான் அமெரிக்கா வந்து போனவர். ஹரியற் 1849 இல சென்னையில செத்தா, அவர் 1855 இல தென்னாபிரிக்காவில. மூச்சு முட்ட முட்டத் தமிழ் படிச்சவை. பிழையாப் பேசினாலும் எங்கட பாசையில பிழையாப் பேசினவை. அதால எங்கட ஆக்கள் அவையோட சண்டை பிடிக்கக்கூடியதா இருந்தது. ஆறுமுக நாவலர் திருப்பி அடிச்சதே அவையிட்டப் படிச்ச வித்தையாலதான். மொழிபெயர்ப்பாளரை வைச்சுக்கொண்டு வாறவனோட ஆர் சண்டை பிடிக்கிறது? பல்லைக் காட்டிப் படம் எடுக்கத்தான் ஏலும்.

விலையில ஒரு பங்கைப் பிள்ளையள் குடுத்ததையும் மறக்கேலாது. பண்டத்தரிப்பிலயும் சாவகச்சேரியிலயும் பிறந்த ஸ்கடரின்ர ஆண்பிள்ளையளைச் சின்ன வயசிலயே அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பினவை. தாய் தகப்பன் ஒரு கண்டத்தில, பிள்ளையள் ஒரு கண்டத்தில. அதில ஏழு பேர் இந்தியாவுக்கு மிஷனரியாத் திரும்பினவை, பேத்தி ஐடா ஸ்கடர் 1900 இல வேலூரில மருத்துவம் தொடங்கினா எண்டு எல்லாரும் பெருமையாச் சொல்லுவினம். அந்தப் பிள்ளையளிட்ட ஆரும் கேட்டவையோ? பிள்ளையை ஒரு நாட்டுக்கு அனுப்பிப்போட்டு இன்னொரு நாட்டில இருந்து அழுகிறது என்னெண்டு அகதிக்குத் தெரியும்.

அதைவிட இன்னொரு கேள்வி. வடக்கில யேசுவைத் தெரியாதெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? 1544 இல மன்னாரில அந்தச் சமயத்துக்காக நூற்றுக்கணக்கில சனம் செத்தது. நியூ ஜேர்சிக்கு அந்தப் பேர் வந்ததே 1664 இல. தென்னிந்தியத் திருச்சபை 1947 இல உருவாகேக்கயே யாழ்ப்பாணத்துக்குத் தமிழர் ஒருத்தர், சபாபதி குலேந்திரன், பேராயரா வந்திட்டார். அங்க சேர்ச் இருக்கு, பாதிரிமார் இருக்கினம், ஆஸ்பத்திரி இருக்கு. "உங்களுக்கு என்ன வேணும்" எண்டு அவைக்கு ஒரு கடிதமாவது எழுதினதோ எண்டு கேட்டன். எழுதேல்லை. அனுப்பிற நிறுவனம் பாத்துக்கொள்ளுமாம்.

இதை வாசிச்சுப்போட்டுச் சில பேர் கைதட்டுவியள் எண்டு தெரியும். "பாத்தியோ, மதம் மாத்த வாறாங்கள்" எண்டு. கொஞ்சம் பொறுங்கோ. நான் உங்கட பக்கமும் இல்லை. 1968 இல மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில எங்கட சனத்தையே உள்ளுக்கு விடாமல் நிண்டது எந்த மிஷனரி? கோயில் வாசலில நிப்பாட்டி வைச்ச வீட்டுப் பிள்ளையளுக்கு மிஷன் பள்ளிக்கூடத்தில ஏடு துவக்கினவை. அந்தக் கணக்கை முதல் தீருங்கோ, பேந்து வெள்ளைக்காரனை ஏசுவம்.

மற்றது, நாங்கள் மட்டும் திறமோ? 2009 க்குப் பிறகு ரொறன்ரோவில இருந்தும் லண்டனில இருந்தும் இஞ்ச இருந்தும் ஊருக்குப் போய் நாங்கள் செய்யிறது என்ன? புருசனை இழந்த பிள்ளைக்கு ஒரு தையல் மெசினைக் குடுத்துப்போட்டு, அந்த மெசினில அவளின்ர கையையும் எங்கட கையையும் வைச்சுப் படம் எடுக்கிறம். சைக்கிள் குடுத்தால் அதின்ர சட்டத்தில எங்கட அப்பான்ர பேர். கறலுக்குப் பேர் வைச்ச அதே வேலை. திரும்பி வந்து இராப்போசன விருந்தில அந்தப் படத்தைப் பெரிசாப் போட்டுக் காட்டுறம். எங்களுக்குப் பாசை தெரியும் எண்டாலும் நாங்களும் அந்தப் பிள்ளையிட்ட ஒண்டும் கேக்கேல்லை. பாசை தெரிஞ்சும் கேக்காதவன் அந்த நியூ ஜேர்சித் தகப்பனை விட மோசம். இதில நானும் சேர்த்திதான். அம்மாவின்ர கதையைத் தட்டுக்குக் கொண்டுபோனவன்.

கூட்டம் முடிய பாஸ்டர் என்ர முகத்தைப் பாக்கேல்லை. தாய்தான் வந்தா. கோவம், கண்ணும் கலங்கியிருந்தது. "நான் நேர்ஸ். அங்க நேர்சுமார் தேவையில்லையோ?" எண்டு கேட்டா. "தேவையாத்தான் இருக்கும். ஆனா நோகுது எண்டதுக்கு எங்கட ஊரில எத்தினை சொல்லு இருக்கு தெரியுமோ? குத்துது, உளையுது, எரியுது, வலிக்குது, கடுக்குது. ஒவ்வொண்டும் ஒவ்வொரு வருத்தம். மொழிபெயர்க்கிற பெடியன் எல்லாத்துக்கும் ஒரே சொல்லைத்தான் உங்களுக்குச் சொல்லுவான். நீங்கள் பிழையான மருந்து குடுப்பியள்" எண்டன். அவ ஒண்டும் சொல்லேல்லை. ஆனா 'உளையுது' எண்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டா.

போகவேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. முதல் அங்க இருக்கிற சனத்திட்டக் கேளுங்கோ. வேண்டாம் எண்டால் வீட்டில இருங்கோ. வா எண்டால், பாசையைப் படிச்சுப்போட்டுப் போங்கோ. பிள்ளையளிட்டயும் ஒருக்கா விருப்பம் கேளுங்கோ. வெப்பமானியைக் கழட்டி வையுங்கோ.

வெளிக்கிடேக்க அந்தத் தகப்பனிட்ட ஒண்டு சொல்லிப்போட்டு வந்தனான். சனிக்கிழமையில காலமை பத்து மணிக்கு என்ர குசினி மேசை சும்மாதான் கிடக்கும். காசு வேண்டாம். அரிச்சுவடி ரெண்டு வாங்கி வைச்சிருக்கிறன், பிள்ளையளுக்கும் சேர்த்து. 'ழ'வில இருந்து தொடங்குவம்.

மூண்டு சனிக்கிழமை போயிட்டுது. இன்னும் ஒருத்தரும் வரேல்லை. அவையின்ர படம் என்ர பிறிட்ஜில ஒட்டினபடிதான் கிடக்கு. நான் கழட்டேல்லை.