ஸ்பியர்கன் வாங்கப் போறீங்களா? கன்னைப் பார்க்கும் முன் தண்ணியைப் பாருங்க! கொல்லிமலை முதல் மன்னார் வளைகுடா வரை... முழு விளக்கம்

மூச்சை அடக்கிக்கொண்டு கடலுக்குள் ஒரு டைவ், கையில் நீளமான துப்பாக்கி, ஒரே ஷாட்டில் பெரிய மீன். இந்த மாதிரி ரீல்ஸ் பார்த்த பலருக்கும் அடுத்து வரும் கேள்வி ஒன்றுதான்: "எந்த ஸ்பியர்கன் நல்லது?"

கடலே இல்லாத நாமக்கல், சேலம் மாவட்டங்களில் இருப்பவர்களின் போனிலும் இதே வீடியோதான் ஓடுகிறது. கடல் தூரம், கொல்லிமலை பக்கம். அங்கே ஆறு இருக்கு, அருவி இருக்கு, மீனும் இருக்கு. 'அங்கேயே ட்ரை பண்ணலாமே' என்று தோன்றுவது இயல்பு.

ஆனால், எந்த கன் என்பது இரண்டாவது கேள்வி. எந்தத் தண்ணீர் என்பதுதான் முதல் கேள்வி. நீளம், வகை, ரப்பர், கயிறு எல்லாவற்றையும் அந்தப் பதில்தான் முடிவு செய்கிறது. சில இடங்களில் 'கன்னே வேண்டாம்' என்பதும் அதே பதில்தான்.

ஸ்பியர்கன் என்றால் என்ன?

இதில் தோட்டாவும் இல்லை, வெடிமருந்தும் இல்லை. இழுத்து மாட்டிய ரப்பர் அல்லது அழுத்தப்பட்ட காற்று, ஓர் இரும்புக் கம்பியைத் தண்ணீருக்குள் வேகமாகத் தள்ளும். கம்பியின் முனையில் ஒரு சின்ன மடக்குக் கொக்கி. மீனைத் துளைத்ததும் அது விரிந்துகொள்ளும், மீன் நழுவாது. கம்பி கயிற்றால் கன்னோடு கட்டப்பட்டிருக்கும்.

மூச்சடக்கி மூழ்குவது தமிழகக் கடற்கரைக்குப் புதுசு கிடையாது. தூத்துக்குடி, கீழக்கரை பக்கம் முத்துக்குளிப்பும் சங்கு குளிப்பும் தலைமுறை தலைமுறையாக நடந்த தொழில். பாம்பன் பக்கத்தில் பெண்கள் இன்றைக்கும் மூச்சடக்கி மூழ்கிக் கடற்பாசி எடுக்கிறார்கள். புதுசு என்றால், பொழுதுபோக்குக்காக கையில் கன்னோடு இறங்குவதுதான்.

கொல்லிமலையில் பயன்படுத்தலாமா?

கூடாது. இதற்குக் காரணம் ஒன்றல்ல, மூன்று.

முதலாவது நம்பிக்கை. அறப்பளீஸ்வரர் கோயிலை ஒட்டி ஓடும் ஐயாற்றின் மீன்களைப் பக்தர்கள் இறைவனின் வடிவமாகவே பார்க்கிறார்கள். வெட்டிச் சமைத்த மீன் மறுபடி உயிர் பெற்று ஆற்றில் துள்ளியது, அறுத்த மீனைப் பொருத்தியவர் இந்த ஈசன் என்பது தலபுராணக் கதை. மீனுக்கு உணவு போட்டுக் கும்பிடும் ஆற்றில் ஈட்டியோடு இறங்கினால், பிரச்னை மீனோடு முடியாது.

இரண்டாவது சட்டம். மலையில் பல பகுதிகள் காப்புக்காடு. காப்புக்காட்டுக்குள் வேட்டையாடுவதையும் மீன் பிடிப்பதையும் தமிழ்நாடு வனச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி அதிகாரிகள் அறிவிப்பு செய்யும் பகுதி இது. அங்கே துப்பாக்கி வடிவத்தில் எதை எடுத்துப் போனாலும் செக்போஸ்ட்டில் கேள்வி வரும்.

மூன்றாவது பாதுகாப்பு. அருவிக்கு அடியிலும் ஆற்றுக் குட்டைகளிலும் இடம் குறுகல், சுற்றிலும் பாறை, குளிக்கிற கூட்டம் வேறு. பாறையில் பட்ட கம்பி எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வல்வில் ஓரியின் கணக்கு தண்ணீருக்குள் செல்லாது

ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்தது என்பது கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றிய புகழ். அது காற்றில் பறந்த அம்பு. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தி. எவ்வளவு வேகமாகக் கிளம்பினாலும் கம்பி சில மீட்டரிலேயே வேகத்தை இழந்துவிடும்.

அதனால் ஸ்பியர்கன்னில் பவர் என்பது பெருமைக்கான விஷயம் இல்லை. கண்ணுக்குத் தெரியும் தூரம் வரைக்கும் கம்பி குறி தவறாமல் போனால் போதும். கலங்கிய தண்ணீரில் மீனுக்குப் பின்னால் பாறை இருக்கிறதா, கூட வந்த நண்பர் இருக்கிறாரா என்று தெரியாது. பார்வையைத் தாண்டிப் போகும் கம்பி அங்கே ஆபத்து மட்டும்தான்.

சரி, எவ்வளவு நீளம் வாங்கணும்?

தண்ணீருக்குள் எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதை வைத்துத்தான் நீளம். பொதுவான கணக்கு இது:

• 3 மீட்டர் வரைதான் தெரிகிறது, கலங்கல், பாறை இடுக்கு: 60 முதல் 75 செ.மீ.
• 4 முதல் 8 மீட்டர் வரை தெரிகிறது: 80 முதல் 100 செ.மீ.
• 10 மீட்டருக்கு மேல் தெரிகிற தெளிந்த ஆழ்கடல்: 110 செ.மீ.க்கு மேல்.

ரீல்ஸில் வருவது பெரும்பாலும் மூன்றாவது வகை. அது தெளிந்த நீலக்கடலில் எடுத்த வீடியோ. நம்ம ஊர்க் கரையோரம் பல நாள் கலங்கல்தான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்று முகத்துவாரங்களை ஒட்டிய கடல் இன்னும் மோசம். அங்கே 120 செ.மீ. கன்னை வைத்துக்கொண்டு திரும்பக்கூட முடியாது. முதல் கன் 75 முதல் 90 செ.மீ.க்குள் இருப்பதே புத்திசாலித்தனம்.

ரப்பரா, காற்றா?

ரப்பர் கன்: அமைப்பு எளிது, சத்தம் குறைவு, பழுது பார்ப்பதும் ஈஸி. உப்பும் வெயிலும் ரப்பரைச் சீக்கிரம் வெடிக்க வைக்கும், அப்போது மாற்றினால் போதும். புதுசாகப் பழகுபவர்களுக்கு இதுதான் சரி.

காற்றழுத்த கன்: குட்டையாக இருந்தாலும் விசை அதிகம். பாறை இடுக்குக்கு உதவும். ஆனால் லோடு செய்யத் தெம்பும் பழக்கமும் வேண்டும். சீல் போனால் கடற்கரையில் வைத்துச் சரி செய்ய முடியாது.

வெறும் ஈட்டி: பின்னால் ரப்பர் வளையம் கட்டிய நீளக் கழி. ட்ரிக்கர் கிடையாது. கையை விட்டால் கம்பி போகும், அவ்ளோதான். மீனுக்கு மிக அருகில் போக வேண்டும் என்பதால், மூழ்கும் திறமையை இது நன்றாகவே வளர்க்கும்.

கடையில் எதையெல்லாம் கவனிக்கணும்?

ட்ரிக்கர் பகுதி துருப்பிடிக்காத ஸ்டீலில் இருக்கணும். மலிவான கன்னில் முதலில் தேய்வது அதுதான். தேய்ந்த ட்ரிக்கர் தானாகவே விடுபடும். கம்பி 6.5 அல்லது 7 மி.மீ. தடிமன் போதும். வளைந்த கம்பி குறி தவறும், அதை நிமிர்த்திப் பயன்படுத்தக் கூடாது.

கன்னின் மார்புத் தாங்கி உங்கள் நெஞ்சில் சரியாக உட்காருகிறதா, இரண்டு கையாலும் ரப்பரை இழுத்து மாட்ட முடிகிறதா என்பதையும் பாருங்கள். மாட்டவே முடியாத பவர் வேஸ்ட்.

கன்னோடு சேர்த்து வாங்க வேண்டியவை: மிதவை, கொடி, கயிறு அறுக்க ஒரு கத்தி. மேலே போகும் படகுக்கு, 'கீழே ஆள் இருக்கு' என்று சொல்வது அந்த மிதவையும் கொடியும்தான்.

வெளிநாட்டிலிருந்து ஆர்டர் போடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1959 ஆயுதச் சட்டம் துப்பாக்கிக்குத் தரும் வரையறையில் வெடிமருந்து மட்டுமல்ல, 'வேறு வகை ஆற்றல்' என்ற சொல்லும் இருக்கிறது. சுங்கத்துறை நிறுத்திக் கேள்வி கேட்க வாய்ப்பு உண்டு. பணம் கட்டும் முன் எழுத்துமூலம் விசாரித்துக்கொள்வது நல்லது.

மன்னார் வளைகுடாவில் முடியுமா?

தமிழ்நாட்டில் பவளப்பாறை என்றாலே எல்லோருக்கும் நினைவுக்கு வருவது இதுதான். சிக்கலும் அங்கேதான். ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரையிலான 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. பரப்பு 560 சதுர கி.மீ.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-வது பிரிவு, அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைவதைத் தடை செய்கிறது. 35-வது பிரிவு அதையே தேசியப் பூங்காவுக்கும் பொருத்துகிறது. அந்தச் சட்டத்தில் 'ஆயுதம்' என்றால் துப்பாக்கி மட்டுமல்ல. வில், அம்பு, கத்தி, வலை, தூண்டில் கொக்கி, விலங்கைக் காயப்படுத்தக்கூடிய எந்தக் கருவியும் அதில் அடக்கம். அதாவது மீனைச் சுடவே வேண்டாம், கன்னோடு பூங்கா எல்லைக்குள் போனாலே வழக்குதான்.

பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரம் 448 சதுர கி.மீ. பரப்பு 2022-ல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்த எல்லைகளுக்கு வெளியே என்றாலும், முதலில் மீன்வளத்துறை அலுவலகத்தில் கேளுங்கள், பிறகு அந்த ஊர் மீனவர்களிடம் கேளுங்கள். எங்கே வலை கிடக்கிறது, எங்கே நீரோட்டம் இழுக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அது அவர்களின் வயிற்றுப்பாட்டுக் கடல் என்பதையும் மறக்கக் கூடாது.

எந்த மீனைச் சுடக் கூடாது?

வலையில் கண்டதும் சிக்கும். ஸ்பியர்கன்னில் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். இதன் பெரிய பிளஸ் இதுதான், ஆபத்தும் இதில்தான். ஏனென்றால் எல்லோரும் தேர்ந்தெடுப்பது பெரிய மீனைத்தான்.

கலவா வகை மீன்களில் பல, பெண்ணாக வளர்ந்து பிறகு ஆணாக மாறுபவை. பெரியதையே தொடர்ந்து சுட்டால் அந்தப் பாறையில் ஆண் மீன்களே மிஞ்சாது. கிளி மீன் பவளப்பாறை மேல் படரும் பாசியைச் சுரண்டித் தின்கிறது. அது குறைந்தால் பாசி பவளத்தை மூடிவிடும். கடல் சூடானதால் 1998, 2010, 2016-ம் ஆண்டுகளில் வெளுத்துப்போன மன்னார் வளைகுடாப் பவளங்களுக்கு அந்த மீன் கட்டாயம் வேண்டும்.

கடல் ஆமை, கடற்பசு, திமிங்கலச் சுறா, கடல் குதிரை, கடல் அட்டை, ராட்சதக் கலவா ஆகியவை சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. 'என்ன மீன் என்று தெரியவில்லை' என்றால் சுடவே கூடாது.

உயிரைப் பறிப்பது கன்னா, மூச்சா?

ஃப்ரீடைவிங்கில் பெரிய ஆபத்து மூச்சில்தான் இருக்கிறது. மூழ்கும் முன் வேகவேகமாக மூச்சு இழுத்துவிட்டால் உடம்பில் ஆக்சிஜன் பெரிதாகக் கூடாது. கார்பன் டை ஆக்சைடுதான் குறையும். 'மூச்சு விடணும்' என்ற எச்சரிக்கையைக் கொடுப்பதே அதுதான். எச்சரிக்கை மணி அணைந்துவிட்டதால், ஆக்சிஜன் தீர்வது தெரியாமலே கீழே இருப்பீர்கள்.

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரு மடங்கு. மேலே வர வர அது பாதியாகும், நுரையீரலில் ஆக்சிஜனின் அழுத்தமும் கூடவே சரியும். அதனால் பலர் மயங்குவது ஆழத்தில் இல்லை, மேற்பரப்புக்கு வரும் கடைசி சில மீட்டரில். எந்த வலியும் தெரியாது. பக்கத்தில் ஆள் இல்லையென்றால் அதோடு முடிந்தது. மீனைத் துரத்தும் ஆசையில் 'இன்னும் ரெண்டு செகண்ட்' என்று நினைப்பதுதான் ஸ்பியர்ஃபிஷிங்கை வெறும் டைவிங்கைவிட ஆபத்தாக்குகிறது.

விதிகள் இவைதான்: தனியாகப் போகக் கூடாது. ஒருவர் கீழே, ஒருவர் மேலே. மேலே வந்தவரைக் குறைந்தது 30 விநாடி கண்காணிக்கணும். மூழ்கிய நேரத்தைப்போல இரு மடங்காவது ஓய்வு. கன்னைத் தண்ணீருக்குள் மட்டுமே லோடு செய்யணும், படகில் ஏறும் முன் கழற்றணும்.

பிரான்ஸில் 16 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு இந்த வேட்டைக்கு அனுமதி இல்லை. தண்ணீருக்கு வெளியே லோடு செய்வதும், இரவில் வேட்டையாடுவதும், ஸ்கூபா சிலிண்டரோடு மீனைச் சுடுவதும் அங்கே தடை. நம்மிடம் அந்த மாதிரி தனி விதிகள் பரவலாகப் பேசப்படாததால், கட்டுப்பாட்டை நாமே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கு.

ஆகவே, எந்த வரிசையில் செலவு செய்யலாம்?

முதலில் பயிற்சியும், நம்பகமான ஒரு பார்ட்னரும். அடுத்து மாஸ்க், துடுப்புக் காலணி, மிதவை, கத்தி. பிறகு இறங்கப்போகும் கடலின் எல்லையும் தெளிவும். இவ்வளவும் கையில் இருந்தால், கடைசியாக 75 முதல் 90 செ.மீ. ரப்பர் கன் ஒன்று. ஆன்லைன் கடைகள் இந்தப் பட்டியலைத் தலைகீழாகக் காட்டும், அதை நம்பி முதலிலேயே கன்னை வாங்கிவிடாதீர்கள்.