உங்கள் தெருவில் பால்வாடி இருக்கிறதா?

கடையை அடைத்துவிட்டு இரவு பத்து மணிக்கு வீடு திரும்புகிறீர்கள். உங்கள் மூன்று வயதுப் பிள்ளை பகலெல்லாம் யாரோடு விளையாடியது என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா? பெரும்பாலும் யாரோடும் இல்லை. நான்கு சுவர், ஒரு கைபேசி, களைத்துப் போன தாய். அவ்வளவுதான்.

வசதி உள்ளவர்கள் 'ப்ளே ஸ்கூல்' தேடி அலைகிறார்கள். கேட்ட பணத்தைக் கட்டுகிறார்கள். வசதி இல்லாதவர்கள், 'ஐந்து வயதாகட்டும், பார்க்கலாம்' என்று இருந்துவிடுகிறார்கள். இரு சாராரும் பக்கத்துத் தெரு பால்வாடியை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் அது. தமிழகத்தில் மட்டும் 54 ஆயிரத்துக்கும் அதிகமான அங்கன்வாடிகள் உள்ளன. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் சத்துமாவு தருகிறார்கள். இரண்டு வயது தாண்டிய பிள்ளைகளுக்கு மதியச் சோறு, முட்டை, பாட்டு, விளையாட்டு எல்லாம் உண்டு. தடுப்பூசிக்கும் அங்கேயே ஏற்பாடு செய்கிறார்கள். எல்லாவற்றையும் விட, மாதந்தோறும் எடை பார்த்து எழுதி வைக்கிறார்கள். பிள்ளை இளைத்துக்கொண்டே போவது பெற்ற கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும். வியாபாரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

'அது ஏழைகளுக்குத்தானே?' என்பீர்கள். யார் சொன்னது? ஆறு வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்கும் அங்கே இடமுண்டு. நீங்கள் கட்டும் ஜி.எஸ்.டி.யில் வாங்கிய முட்டை ஐயா அது!

சில பால்வாடிகள் ஒழுகும் கட்டிடத்தில் நடக்கின்றன என்பதும் உண்மைதான். நம் பிள்ளைகளும் அங்கே இருந்தால்தானே நாம் போய்க் கேட்போம்? இன்னொன்று. பல சமுதாயப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடும் இடம் நம் ஊர்களில் எத்தனை மிச்சம் இருக்கிறது? மேடை போட்டு நல்லிணக்கம் பேசுகிறோம். இரண்டரை வயதில் இது தானாகவே நடக்கும்.

2006-ல் பிரதமர் அறிவித்த சிறுபான்மையினருக்கான 15 அம்சத் திட்டத்தின் முதல் அம்சம் எது தெரியுமா? இட ஒதுக்கீடு அல்ல, கடனுதவி அல்ல. அங்கன்வாடி சேவை சிறுபான்மையினர் பகுதிகளுக்கும் நியாயமாகக் கிடைக்க வேண்டும் என்பதுதான்! அதே ஆண்டு டிசம்பர் 13-ல் உச்சநீதிமன்றமும் ஓர் உத்தரவு போட்டது. ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகளாவது இருந்தும் அங்கன்வாடி இல்லாத கிராமமோ குடிசைப் பகுதியோ கேட்டால், மூன்று மாதத்துக்குள் திறந்தாக வேண்டும். கேட்டோமா நாம்?

50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடை உங்களுடையதா? குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்பது 2017 முதல் உங்கள் மீதுள்ள சட்டக் கடமை. தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரவும் அனுமதிக்க வேண்டும். ஜவுளிக்கடையில் நாளெல்லாம் கால் கடுக்க நிற்கும் பெண்களுக்கும் பச்சைப் பிள்ளைகள் உண்டு.

இளைஞர்களே! ஒரு ஞாயிற்றுக்கிழமை மஹல்லாவில் வீடு வீடாகப் போங்கள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதுங்கள். பால்வாடி இருந்தால் பட்டியலோடு அங்கே போய்ச் சேருங்கள். இல்லையென்றால் ஜமாஅத்தின் கடிதத்தோடு வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் மனுக் கொடுங்கள். அசையவில்லையா? திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளுக்கு, தாய்மார்களையும் அழைத்துக்கொண்டு போங்கள். மனு ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மூன்று மாதக் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான்.