தோற்றவனின் சாட்சியம்

விளையாட்டைப் பற்றி நாம் எழுதப் புகுவது கண்டு வாசகர் சிலர் வியக்கலாம். பந்தை உதைப்பதிலும் பிடிப்பதிலும் கிதாபு ஓதியவர்களுக்கு என்ன வேலை என்று கேட்கவும் கூடும். பந்தைப் பற்றி நமக்கு வழக்கு ஏதுமில்லை. ஆட்டம் முடிந்தபின், தோற்ற அணியின் இரசிகர்கள் தம் நாவினால் செய்வதைப் பற்றியே நமக்கு வழக்கு. நாவின் செயல் எந்தக் களத்தில் நிகழ்ந்தாலும் அது மார்க்கத்தின் விசாரணைக்கு உட்பட்டதே.

2011 அக்டோபர் 15ஆம் நாள், நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், ரக்பி உலகக் கோப்பையின் அரையிறுதியில் வேல்ஸும் பிரான்ஸும் மோதின. வேல்ஸ் சிறிய நாடு. 1987க்குப் பின் அந்நாடு அரையிறுதியைக் கண்டதே இல்லை. அங்கே அப்போது காலை வேளை. தலைநகர் கார்டிஃபின் பெரும் அரங்கில் திரையில் ஆட்டத்தைப் பார்ப்பதற்கென்றே 60,000 பேருக்கு மேல் திரண்டிருந்தனர். களத்தில் ஒருவரும் ஆடாத அரங்கில் அத்தனை பேர் கூடினார்கள் என்றால், அந்த மக்கள் தம் அணியின் மீது வைத்திருந்த ஆசை எத்தகையது என்பதை உணரலாம்.

ஆட்டம் தொடங்கி இருபது நிமிடமும் ஆகவில்லை. வேல்ஸ் அணித்தலைவர் சாம் வார்பர்டன், வயது 23, பந்துடன் வந்த பிரெஞ்சு வீரர் வின்சென்ட் கிளெர்க்கை மறித்துப் பிடித்தார். கால்கள் தலைக்கு மேலே போகும்படி அவரைத் தூக்கிக் கீழே விட்டார். கழுத்துக்கே ஆபத்து விளைவிக்கக்கூடிய வீழ்ச்சி அது. நடுவர் ஆலன் ரோலண்ட் சிவப்பு அட்டையைக் காட்டி அவரை வெளியேற்றினார். 15 பேர் ஆட வேண்டிய அணி, எஞ்சிய ஒரு மணி நேரமும் 14 பேரோடு ஆடியது. ஆடியும் 9க்கு 8 என்று ஒரே ஒரு புள்ளியில் தோற்றது.

அந்த ஒரு புள்ளி எங்கே போயிற்று என்று தேடினால் விடை மறைவில் இல்லை. வேல்ஸ் வீரர்களின் உதைகள் ஒன்றுக்கு மேற்பட்டவை குறி தவறின. ஒன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஆட்டம் முடிய ஐந்து நிமிடமளவே இருக்கையில் லீ ஹாஃப்பென்னி நெடுந்தொலைவிலிருந்து உதைத்த பந்து, குறுக்குக் கம்பத்துக்குச் சற்றே கீழாக வீழ்ந்தது. அவற்றுள் ஒன்று உள்ளே சென்றிருந்தாலும் வெற்றி வேல்ஸுடையதே. ஆயினும் இரசிகர்களில் பெருந்தொகையினர் பழியைச் சுமத்தியது அந்த உதைகளின் மீதன்று, நடுவரின் மீது. அவர் அயர்லாந்துக்காரர், தம் நாட்டுக்காக ஆடியவர், ஆனால் அவருடைய தந்தை பிரான்ஸ் நாட்டவர். இது போதாதா? பிரெஞ்சு இரத்தம் பிரான்ஸுக்குத் தீர்ப்பளித்தது என்று பேசினார்கள்.

இந்தச் சொல்லைத்தான் நாம் முதலில் பிடித்து நிறுத்துகிறோம். ஒருவன் பிறந்த வயிற்றைக் காட்டி அவன் தீர்ப்பைக் கெட்டது என்பது நியாயமா? திருமறையின் நான்காம் அத்தியாயம், நீதிக்குச் சாட்சி சொல்வோர் தமக்கோ, பெற்றோருக்கோ, உற்றாருக்கோ எதிராக அமையினும் உண்மையையே சொல்ல வேண்டும் என்று கட்டளையிடுகிறது. தந்தைக்கு எதிராகவும் மகனால் நீதி செலுத்த முடியும் என்று அல்லாஹ் மனிதனை நம்பிக் கட்டளையிட்டிருக்க, தந்தையின் நாடு எதுவென்று பார்த்தே மகனின் தீர்ப்பை எடைபோடுவது மனிதனையே இழிவுபடுத்துவதாகும்.

இனி, தீர்ப்பின் தன்மையைப் பார்ப்போம். ஒரு வீரனைத் தூக்கித் தலைகுப்புற விழவிட்டால், நடுவர் சிவப்பு அட்டையிலிருந்தே தம் எண்ணத்தைத் தொடங்க வேண்டும் என்று அவ்விளையாட்டின் தலைமைச் சபை 2009ஆம் ஆண்டிலேயே நடுவர்களுக்கு அறிவுறுத்தியிருந்தது. அவர் செய்தது அதுவே. ‘வார்பர்டனிடம் தீய எண்ணம் இல்லையே’ என்றனர் அவருக்காகப் பரிந்தோர். நாமும் ஒப்புகிறோம், இல்லைதான். ஆனால் நம் ஃபிக்ஹு நூல்களை ஓதிய எவரும் இவ்விடத்தில் தடுமாறமாட்டார். தவறுதலாய் நேர்ந்த கொலையில் கொலைக்குற்றத்தின் பாவம் இல்லை. ஆயினும் தியத் என்னும் ஈட்டுத்தொகை நீங்குவதில்லை. எண்ணத்தை அறிபவன் இறைவன். காழியோ வெளிப்பட்ட செயலைக் கண்டே தீர்ப்புரைப்பார். நல்லவன் கையால் நேர்ந்தாலும் முறிகின்ற கழுத்து முறிந்ததுதான். அந்தக் கழுத்தைக் காக்கவே விதி வகுக்கப்பட்டது.

‘இது அன்பின் மிகுதி, பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்’ என்பார் உளர். இந்த அன்பைத்தான் நாம் ஐயுறுகிறோம். ஒருவன் தன் கூட்டத்தாரை நேசிப்பது அஸபிய்யத் ஆகுமா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டது. ஆகாது என்றும், அநீதியில் தன் கூட்டத்தாருக்குத் துணைநிற்பதே அஸபிய்யத் என்றும் அவர்கள் விளக்கினார்கள். நேசத்துக்கும் வெறிக்கும் நடுவே எத்துணைத் தெளிவான வரம்பு! ஆக்லாந்தில் வேல்ஸ் தோற்றதற்காக அழுதவன் குற்றவாளி அல்லன். ஆதாரமின்றி நடுவரின் நேர்மையைக் கொன்றவனே குற்றவாளி.

அரபு மொழியில் விளையாட்டு இரசிகனை ‘முஷஜ்ஜிஃ’ என்பர். ‘ஷஜாஅத்’ என்றால் வீரம். வீரத்தை ஊட்டுபவன் என்பது அதன் பொருள். தமிழில் நாம் அவனை இரசிகன் என்கிறோம், சுவையை நுகர்பவன். வெற்றி நாளில் இவ்விருவரையும் பிரித்தறிய இயலாது. தோல்வி வந்ததும் நுகர்பவன் சுவை கெட்டதென்று தட்டை வீசி எறிகிறான். வீரமூட்டுபவனுக்கோ அப்போதுதான் வேலையே தொடங்குகிறது.

தட்டை வீசியவர்கள் எவ்வளவு தூரம் போவர் என்பதற்கு நியூசிலாந்திலேயே ஒரு சான்று உண்டு. 1999 அக்டோபர் 31 அன்று, லண்டன் ட்விக்கன்ஹாம் அரங்கில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியில், 24க்கு 10 என்று முன்னணியில் இருந்த நியூசிலாந்து, பிரான்ஸிடம் 31க்கு 43 என்று வீழ்ந்தது. பயிற்சியாளர் ஜான் ஹார்ட் மீது நாடே பாய்ந்தது. அவர் பதவி துறந்தார். அத்தோடு நிற்கவில்லை. அடுத்த மாதம் கிறைஸ்ட்சர்ச் நகரில் பந்தயத்துக்கு வந்த அவருடைய குதிரையின் மீதும் காறித் துப்பினார்கள். அந்த வாயில்லாப் பிராணி செய்த குற்றம் யாது? ஒட்டகத்தின் வயிறு முதுகோடு ஒட்டியிருக்கக் கண்டு, வாய்பேசா இவ்வுயிர்கள் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சுங்கள் என எச்சரித்த நபியின் உம்மத்தினர் நாம். இச்செய்தியைச் சிரித்துக் கடக்க நம்மால் இயலாது.

அரபு இலக்கியம் ஓதியவர்களுக்கு இங்கே இன்னொரு குதிரை நினைவுக்கு வரும். ஜாஹிலிய்யாக் காலத்தில் தாஹிஸ், கப்ரா என்னும் குதிரைகள் ஓடிய பந்தயத்தில் சூது நேர்ந்ததென்று அப்ஸ், துப்யான் ஆகிய இரு கிளையாருக்கிடையே மூண்ட போர் நாற்பது ஆண்டுகள் நீடித்ததாக வரலாறு கூறும். பந்தயத்தின் தூரம் சிறிது. பகையின் தூரம் ஒரு தலைமுறை. அந்தப் போரை நிறுத்த உயிர்ப்பழிக்கு ஈட்டுத்தொகை சுமந்த இருவரைப் புகழ்ந்தே ஸுஹைர் தம் முஅல்லகாவைப் பாடினார். வென்றவனையன்று, பகையைத் தீர்த்தவனைப் பாடியதால் அக்கவிஞர் உயர்ந்தார். நம் தமிழிலும், வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனின் முகத்துக்கெதிரே, தோற்றுப் புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தவனே மேலானவன் என்று பாட வெண்ணிக்குயத்தியாருக்கு நெஞ்சுரம் இருந்தது.

இவையெல்லாம் பழங்கதை, மனிதன் திருந்திவிட்டான் என்று எண்ண வேண்டா. 2023 அக்டோபர் 21 அன்று பாரிஸ் அருகே நடந்த அரையிறுதியில் தென்னாப்பிரிக்கா 16க்கு 15 என்று இங்கிலாந்தை வென்றது. எதிரணி வீரர் தம்மை நிறம் குறித்து இழித்துரைத்தார் என இங்கிலாந்து வீரர் ஒருவர் களத்திலேயே முறையிட்டார். விசாரித்த தலைமைச் சபை, குற்றத்தை நிறுவப் போதிய ஆதாரம் இல்லை என்று அறிவித்தது. அதற்குள் முறையிட்டவர் மீதும், முறையிடப்பட்டவர் மீதும் இரு நாட்டு இரசிகர்களும் கைப்பேசி வழியே வசைமாரி பொழிந்து முடித்திருந்தனர். அதே தொடரின் இறுதியாட்டத்தில் காணொளி நடுவராய் இருந்த டாம் ஃபோலி, அவ்வாண்டு டிசம்பரில், வசையும் நெருக்கடியும் தாளாமல் சர்வதேச ஆட்டங்களிலிருந்து விலகினார். அன்று ஏச வேண்டுமானால் நேரில் வர வேண்டும். இன்று படுக்கையில் கிடந்தபடியே ஏசலாம். மாற்றம் இவ்வளவே.

இதனைப் படித்ததும், ‘ஆகவேதான் விளையாட்டே ஆகாது என்கிறோம்’ என்று எழுந்து நிற்கும் நம் மேடைப் பேச்சாளர் சிலருக்கும் ஒரு சொல். அவசரப்பட வேண்டா. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓடினார்கள். ஒரு முறை பின்தங்கினார்கள், பின்னொரு முறை முந்தினார்கள். அவர்களுடைய அள்பா என்னும் ஒட்டகம் எந்தப் பந்தயத்திலும் தோற்றதில்லை. ஒரு நாள் கிராமத்து அரபி ஒருவர் ஓர் இளம் ஒட்டகத்தில் வந்து அதனை முந்திவிட்டார். ஸஹாபாக்களுக்குத் தாங்கவில்லை; முகங்கள் வாடின. அவ்வாட்டத்தைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், இவ்வுலகில் உயர்ந்த எதனையும் தாழ்த்துவது அல்லாஹ் தன்மீது ஏற்றுக்கொண்ட நியதி என்று உரைத்தார்கள். கவனியுங்கள்: பந்தயத்தைத் தடுக்கவில்லை, தோழர்களின் வருத்தத்தைக் கடியவில்லை, முந்திய கிராமத்தவரைக் குறைகூறவும் இல்லை. தோல்விக்கு அதற்குரிய இடத்தைக் காட்டினார்கள். இரசிகர்களுக்கு இதனினும் சிறந்த பாடம் எந்த நூலில் உண்டு?

அவ்வழகின் ஒரு சாயலை வேல்ஸ் அணியிலேயே கண்டோம். பயிற்சியாளர் வாரன் கேட்லண்ட் நடுவரின் முடிவைக் கடுமையாகக் குறைகூறியவரே. ஆனால் தம் அணியில் ஒருவர் குறைந்ததும், முன்வரிசை வீரருக்குக் காயம் என்று பொய் நடிப்பு நடத்தி, இரு அணியும் தோள்கொடுத்து முட்டித் தள்ளும் போட்டியைத் தவிர்த்துவிடலாமா என்று மனத்தில் எண்ணியதையும், அது அறமன்று என்று கைவிட்டதையும் பின்னர் அவரே சொன்னார். ஒரு புள்ளியில் தோற்றவர் அவர்! சிவப்பு அட்டை பெற்ற வார்பர்டனோ, அம்முடிவு சரியானதே என்று பின்னாளில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். இழப்பு எவருக்கு மிகுதியோ அவரே தமக்கெதிராகச் சாட்சி சொன்னார். அவருக்காக நடுவரை வைதவர்களின் சொல் அன்றே நிலமற்றுப் போயிற்று. அவருடைய பெயர் கெட்டதா? 2013இல் நான்கு நாடுகளின் கூட்டணியான பிரிட்டிஷ் ஐரிஷ் லயன்ஸ் அணிக்கு அவரே தலைவரானார், 2017இலும் அவரே.

வாசகப் பெருமக்களே, இது வேல்ஸின் பிரச்சினை, நியூசிலாந்தின் பிரச்சினை என்று இதழை மூடிவிட வேண்டா. நம் பிள்ளைகளும் ஏதேனும் ஓர் அணியைத் தமதாக்கிக்கொண்டுதான் வளர்கிறார்கள். அந்த அணி தோற்ற இரவில் வாப்பா என்ன சொல்கிறார் என்று பிள்ளை செவிசாய்த்திருக்கிறது. ‘நடுவர் விலைபோய்விட்டான்’ என்று அவர் ஆதாரமின்றிச் சொன்னால், அவதூறின் முதல் பாடம் அங்கே ஓதிக்கொடுக்கப்படுகிறது. அப்பிள்ளை நாளை பாகப்பிரிவினையில் உட்காரும். ஜமாஅத் விசாரணையில் நிற்கும். அங்கும் தன் பக்கம் தோற்றால், தீர்ப்புச் சொன்னவரின் குலத்தையும் கோத்திரத்தையும் தோண்டும். நாற்பது ஆண்டுப் பகைக்கு விதை அப்படித்தான் விழுகிறது. ‘நம்மவர் நன்றாக ஆடினர், ஆனால் தவறு நம்முடையது’ என்று ஒரு தந்தை சொல்வாராயின், நீதிக்குச் சாட்சி நிற்கும் பயிற்சி, எதுவும் பெரிதாக இழக்காத ஓர் ஆட்டத்திலேயே அப்பிள்ளைக்குக் கிட்டிவிடுகிறது. இத்தனை மலிவான விலைக்கு அந்தப் பாடம் வேறெங்கும் கிடைக்காது.