சொற்பட்டியல் மொழித்திறன் ஆகுமா?

வணிக நிர்வாக மேற்படிப்பை நாடி ஜிமேட் தேர்வை எழுதும் நம் சமுதாய இளைஞர் பலர், கணக்கிலே தலைநிமிர்ந்து நிற்கின்றனர். மொழித்திறன் பகுதியிலே தலைகவிழ்ந்து திரும்புகின்றனர். இருமுறை, மும்முறை எழுதியும் மதிப்பெண் நின்ற இடத்திலேயே நிற்கக் கண்டு, ‘நமக்கு இது வாய்க்கவில்லை’ என்று ஒதுங்கிவிடுவோரும் உளர். காரணம் என்னவென்று கேட்டால், ‘பிள்ளைக்கு ஆங்கிலச் சொல்வளம் போதாது, தமிழிலே படித்ததால் வந்த கேடு’ என்கின்றனர் பெற்றோர். பயிற்சி நிலையத்தாருள் சிலரோ உடனே ஒரு சொற்பட்டியலைக் கையிலே கொடுத்து, கட்டணத்தைப் பையிலே போட்டுக்கொள்கின்றனர். இவ்விரு சாராரும் நோய் அறியாமல் மருந்து கொடுப்பவர்களே.

அத்தேர்வு எதைச் சோதிக்கின்றது என்பதை இவர்கள் ஒருகணம் எண்ணிப் பார்த்ததுண்டா? 2023 நவம்பரில் அறிமுகமான இன்றைய ஜிமேட்டில் மொழித்திறன் பகுதிக்கு 23 வினாக்கள், 45 நிமிடங்கள். வினா ஒன்றிற்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. வினாக்களும் இரண்டே வகை: பத்தியைப் படித்துப் பொருளுணர்தல் ஒன்று, வாதத்தை ஆராய்ந்து எடைபோடுதல் மற்றொன்று. வாக்கியப் பிழை திருத்தும் பழைய வினாவகை அறவே நீக்கப்பட்டுவிட்டது. அருஞ்சொல்லுக்குப் பொருள் கேட்கும் பகுதி என்று ஒன்று இல்லை. பின், ஆயிரம் சொற்களை உருப்போடுவது எதற்காக?

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ‘ஊரிலே புதிய சாலை போட்டார்கள், அவ்வாண்டிலேயே கடைத்தெருவில் வியாபாரம் பெருகிற்று, ஆகவே பெருக்கத்திற்குக் காரணம் சாலையே’ என்று ஒருவர் வாதிடுகின்றார். இவ்வாதத்தைத் தளர்த்துவது எது? அதே ஆண்டில் பக்கத்து ஊர்ச் சந்தை மூடப்பட்டது என்னும் செய்தி தளர்த்தும். சாலையின் செலவு அதிகம் என்பது உண்மையாயினும், வாதத்தை அது தீண்டாது. இவ்வினாவிலே விளங்காத சொல் எது? சொல் அனைத்தும் விளங்கியும் ஒருவன் தவறுகின்றான் என்றால், காட்டிய காரணத்திற்கும் எடுத்த முடிவிற்கும் இடையே சொல்லாமல் விடப்பட்டதை அவன் காணவில்லை என்பதே பொருள்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. தேர்வு ஆங்கிலத்தில் நடக்கும்போது, தடையின்றி ஆங்கிலம் படிக்கும் பழக்கம் இன்றியமையாதது. ஆனால், மழலைப் பருவம் முதல் ஆங்கில வழியிலேயே பயின்ற பிள்ளைகளும் இதே படியில் இடறி நிற்கின்றார்களே! அவர்களுக்கு எந்தத் தமிழ் குறுக்கே நின்றது? வாதத்தைப் பிரித்துப் பார்க்கும் பயிற்சியை இரு சாராருக்கும் நாம் அளிக்கவில்லை. பழியை மட்டும் தாய்மொழியின் தலையிலே சுமத்துகின்றோம்.

இப்பயிற்சி நமக்குப் புதியதா? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தருக்கக் கலைக்கென்றே ‘மிஃயாருல் இல்ம்’ என்னும் நூலை இயற்றினார்கள். அறிவின் அளவுகோல் என்பது அதன் பெயர்ப்பொருள். மன்திக் என்னும் அக்கலை அரபி மதரஸாக்களின் பாடமாக வழிவழி ஓதப்பட்டு வந்தது. தமிழிலோ, வண்ணப்பரிமளப் புலவரின் ‘ஆயிர மசலா’ 1572-இல் அரங்கேறியது. மசலா என்பதே வினா அல்லவா? வினவுவதையும் விடையை நிறுத்துப் பார்ப்பதையும் இலக்கியமாக்கிய சமுதாயம், இன்று தன் பிள்ளைகளுக்குச் சொற்பட்டியலைக் கொடுத்து அனுப்புகின்றது! மனனத்தை நாம் இகழவில்லை. இறைமறையை நெஞ்சிலே சுமக்கும் ஹாபிழ்களால் இச்சமுதாயம் மாண்புறுகின்றது. ஆனால் அங்கே மனனம் காப்பதற்கு. இங்கே வேண்டியது ஆய்வதற்கு. ஒன்றன் கருவியை மற்றொன்றின் பணிக்கு எடுப்பது அறிவுடைமை ஆகாது.

தேர்வை மீண்டும் எழுத 16 நாள் இடைவெளி போதும். 12 மாதங்களில் ஐந்து முறை எழுதலாம். வாயில் திறந்திருக்கின்றது என்பதற்காகப் பழக்கத்தை மாற்றாமல் திரும்பத் திரும்ப நுழைவதால் பணம் கரையுமேயன்றி மதிப்பெண் ஏறாது. நாள்தோறும் கனமான ஆங்கிலக் கட்டுரை ஒன்றைப் படித்து, ஆசிரியரின் முடிவு யாது, அதற்கு அவர் காட்டும் காரணம் யாது, சொல்லாமல் நம்பிக்கொண்டது யாது என மூன்று வரி எழுதுக. அதைத் தமிழில் எழுதினாலும் குற்றமில்லை. ஆராயும் மனம் ஒன்றே. தவறிய வினாவின் சரியான விடையைக் குறித்துக்கொண்டு நகராமல், தான் தேர்ந்த விடை ஏன் பிழை என்பதைத் தன் சொல்லிலேயே எழுதிவைக்க வேண்டும். அடுத்த முறை அதே கண்ணியில் கால் வைக்காமல் காப்பது அந்த ஏடுதான்.

ஜமாஅத்துகளும் கல்வி அறக்கட்டளைகளும் பயிற்சிக் கட்டணத்திற்கு உதவுவதோடு கடமை முடிந்ததென்று இருத்தல் ஆகாது. பள்ளிப் பருவத்திலேயே பிள்ளைகளைக் கூட்டி, ஒரு கட்டுரையை நடுவில் வைத்து, ‘இது எப்படி நிறுவப்பட்டது?’ என்று கேட்கும் வாசக வட்டம் ஒவ்வோர் ஊரிலும் வேண்டும். ஓதுக என்னும் ஆணையோடு தொடங்கிய வேதத்தைப் பெற்ற நாம், படித்ததை எடைபோடத் தெரியாத தலைமுறையை வளர்த்துவிட்டு, மொழியின்மீது பழி போட்டுத் தப்பிவிட முடியாது.