பூட்டியவரை ஒறுப்பவர் யார்?

சென்னையில் மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது 1931-இல். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை அன்று ஓடிய தடம், இன்று செங்கற்பட்டு வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீண்டுள்ளது. ஆயினும் புறநகர் மின்வண்டிப் பெட்டிகளில் கழிப்பறை இல்லை.

எனவே நிலையத்துக் கழிப்பறையே மக்களுக்கு ஒரே புகல். அதுவும் பூட்டிக் கிடந்தாலோ, நீரின்றி நாறினாலோ, வேலைக்குச் செல்லும் மகளிர் என்செய்வர்? நீர் பருகாமலும் சிறுநீரை அடக்கியும் நோயைத் தேடிக்கொள்வதன்றி வேறு வழியென்ன? ஆடவனோ சுவரோரம் ஒதுங்குகின்றான். அவனிடம் 500 உருபா வரை தண்டம் பெறுதற்கான சட்டநெறி 2012-இலேயே வந்துவிட்டது. கழிப்பறையைப் பூட்டி வைத்தவரை ஒறுப்பவர் யார்?

மக்களும் குற்றமற்றவர் அல்லர். படிக்கட்டெங்கும் வெற்றிலை எச்சில். மகளிர் பெட்டியில் ஆடவர் கூட்டம். கழிப்பறைக் குழாயையே கழற்றிச் செல்லும் கயமை! பொதுப்பொருள் எவர்க்கும் உரியதன்று என்னும் எண்ணமே இவற்றிற்கெல்லாம் வேர். அஃது எல்லார்க்கும் உரியது. ஒருவன் பாழ்படுத்தியதை இன்னொருவர் தம் கையால் கழுவ வேண்டியுள்ளதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

கதவைத் திறந்து, நீரும் விளக்கும் தந்து காப்பது ஆள்வோர் கடமை. அதனைத் தூய்மை கெடாமல் விட்டுச் செல்வது மக்கள் கடமை. முன்னதைச் செய்யாமல் பின்னதை மட்டும் கேட்பது நயன்மையாகாது!